பெல்ட்டை எதில் மாட்டுவது?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். சென்னை ஹார்பரில் கப்பல் மேல் லாஷிங் வேலை, அதாவது கன்டெய்னர் பெட்டிகளைப் பிணைத்துக் கட்டுவதும் கழற்றுவதும், எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என் கேங்கில் பத்துப் பேர். எல்லோருக்கும் மூத்தவர் ஒரு அண்ணன், 54 வயது. "பெட்டி மேல ஏறும்போது பெல்ட் போடுங்கண்ணே" என்றால், "எதுல மாட்டுறது தம்பி, வானத்துலயா?" என்று கேட்கிறார். கேங்கே சிரிக்கிறது. போன மாதம் இரவு ஷிஃப்டில் ஒரு பையன் ஹேட்ச் கவர் (சரக்கறையை மூடும் பெரிய இரும்பு மூடி) ஓரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. 'பெல்ட் கொடுத்தோம், அவன் போடவில்லை' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கிரேன் கொஞ்ச நேரம் நின்றாலும் மேலிடத்திலிருந்து போன் வருகிறது. இவர்களை எப்படிப் பெல்ட் போட வைப்பது? இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா? இந்த வேலையே வேண்டாம் என்றும் சில நாள் தோன்றுகிறது.
- பெயர் வேண்டாம், திருவொற்றியூர்.

பதில்: தம்பி, அந்த அண்ணன் உங்களைக் கிண்டல் செய்யவில்லை. இருபத்தைந்து வருஷமாக யாரும் பதில் சொல்லாத கேள்வியைக் கேட்கிறார். உங்களிடமும் பதில் இல்லை என்பதால்தான் கேங் சிரிக்கிறது. அதனால் கண்டிப்பை அப்புறம் பார்ப்போம், முதலில் அவர் கேள்விக்கு வருவோம்.

பெட்டியின் மேல் ஒரு ஆள் நிற்கிறார். தலைக்கு மேல் கம்பம் கிடையாது, கயிறு கிடையாது. மாட்டுவதற்கு இருப்பது பெட்டியின் மூலையில் உள்ள துளை ஒன்றுதான், அதுவும் காலடியில். சரி, அதற்கென்று வரும் ஆங்கரைப் பொருத்தி அதில் மாட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்குப் போடுவோம். கயிறு ஏறக்குறைய 1.8 மீட்டர். விழுந்ததும் அதிர்ச்சி தாங்கும் பகுதி கிழிந்து நீளும். அது 1.75 மீட்டர் வரை போகலாம். முதுகிலுள்ள வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். கீழே தரையில் இடிக்காமல் இருக்க இன்னும் ஒரு மீட்டராவது வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 6 மீட்டர். சாதாரணப் பெட்டி எட்டரை அடி, அதாவது 2.6 மீட்டர் உயரம். இரண்டு பெட்டி அடுக்கினால் 5.2 மீட்டர். அதாவது ஒரு பெட்டி உயரத்தில் அந்தப் பெல்ட் ஆளைப் பிடிப்பதற்கு முன்னால் ஹேட்ச் கவர் பிடித்துவிடும். இரண்டு பெட்டி உயரத்திலும் வேண்டிய இடைவெளி இல்லை. உங்கள் ஸ்டோரில் தொங்கும் பெல்ட்டின் கயிறு என்ன நீளம் என்று இன்றைக்கே டேப் வைத்து அளந்து பாருங்கள்.

கயிறு தானாகச் சுருங்கும் ரகம் இருக்கிறது. கீழே போகும் தூரம் அதில் குறையும். ஆனால் அதையும் காலடியில் மாட்டி, பெட்டி விளிம்பில் உரச விடலாம் என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்ட மாடலாக இருக்க வேண்டும். எல்லாம் அப்படி இல்லை. இன்னொரு வழி, ஆள் விளிம்புக்கே போக முடியாத அளவுக்குக் கயிற்றைக் குட்டையாக வைப்பது. கூரை வேலைக்கு அது நல்ல முறை. நமக்கோ வேலையே மூலையில்தான். மேல்பெட்டியையும் கீழ்ப்பெட்டியையும் பூட்டும் கோன் இருப்பது மூலையில். விளிம்புக்குப் போகாதே, ஆனால் விளிம்பில் இருப்பதைக் கழற்று என்றால் எப்படி?

ஆகவே நீங்கள் கேட்ட கேள்வியை நான் மாற்றுகிறேன். 'எப்படிப் பெல்ட் போட வைப்பது' என்பதை விடுங்கள். 'இவர்கள் எதற்காகப் பெட்டி மேல் ஏறுகிறார்கள்' என்று கேளுங்கள். சூப்பர்வைசரின் வேலை அங்கேதான் இருக்கிறது.

சென்னையில் பாரதி டாக்கில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983இல். அந்த நாளில் கோன் எல்லாம் கையால் திருப்புகிற வகை. கீழ்ப்பெட்டியின் நாலு மூலையிலும் ஆள் ஏறி வைக்க வேண்டும், மேல்பெட்டி போன பிறகு திரும்ப ஏறிப் பொறுக்க வேண்டும். உங்கள் அண்ணன் வேலை பழகியது அந்தப் பழக்கத்தின் வாலில். பிறகு செமி ஆட்டோமேட்டிக் ட்விஸ்ட் லாக் என்ற கோன் வந்தது. ஏற்றும்போது பெர்த்திலேயே (கப்பல் நிற்கும் கரையிலேயே), பெட்டி ஸ்ப்ரெடரில் (கிரேன் பெட்டியைப் பிடிக்கும் சட்டத்தில்) தொங்கி இடுப்புயரத்தில் நிற்கையில், அடி மூலையில் மாட்டிவிடலாம். கப்பலில் உட்கார்ந்ததும் தானே பூட்டிக்கொள்ளும். இறக்கும்போது நீளக் கம்பியால் கீழே நின்றே இழுத்துத் திறக்கலாம். யாரும் மேலே ஏற வேண்டியதில்லை. அப்படியிருந்தும் உங்கள் ஆட்கள் ஏறுகிறார்கள் என்றால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு காரணம் இருக்கும்.

எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து வரும் சின்ன ஃபீடர் கப்பல்களில் சிலவற்றில் இன்னும் பழைய கோன் கலந்து கிடக்கும். செமி ஆட்டோமேட்டிக் கோனே துருப்பிடித்துத் திறக்காமல் நிற்கும். அடுக்குகளைக் குறுக்கே பிணைக்கும் பிரிட்ஜ் ஃபிட்டிங் போட்டிருப்பார்கள். மூலை நசுங்கிய பெட்டி, ஸ்ப்ரெடர் பிடிக்காது, செயின் போட்டுத் தூக்க வேண்டியிருக்கும். கடைசியாக ஒன்று, இதை எழுதக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது: ஒரு ஹேட்சிலிருந்து அடுத்ததற்குச் சுற்றிப் போக சோம்பல், பெட்டி மேல் நடந்து போய்விடுவது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு, யாராவது பெட்டி மேல் ஏறும் ஒவ்வொரு தடவையும் தேதி, எந்த பே (கப்பலில் பெட்டிகள் நிற்கும் குறுக்கு வரிசை), எத்தனையாவது அடுக்கு, எதற்காக, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். கப்பல் பெயரையும் குறியுங்கள். யார் ஏறினார் என்பதை எழுதாதீர்கள். எழுதினால் இரண்டாம் நாளே உங்கள் கண்ணில் படாமல் ஏறுவார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் பாதிக்கு மேல் ஒன்றிரண்டு கப்பலிலேயே நடந்திருக்கும் என்பது என் அனுபவம். 'ஆட்கள் கேட்பதில்லை' என்று மேனேஜரிடம் போய் நின்றால் உங்களைத்தான் திட்டுவார். 'இந்தக் கப்பலில் கோன் சிக்கிக்கொண்டு பதினான்கு தடவை ஏற வேண்டியதாயிற்று, கிரேன் இத்தனை நிமிஷம் சும்மா நின்றது' என்று போனால் அவரே கப்பல் ஏஜென்டுக்குப் போன் போடுவார். நிமிஷம் என்ற மொழி அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

ஏறியே ஆக வேண்டிய வேளைக்குக் கூண்டு இருக்கிறது. ஸ்ப்ரெடரில் பூட்டி ஆட்களை மேலே கொண்டுபோகும் கூண்டைத்தான் சொல்கிறேன். அண்ணன் கேட்டாரே எதில் மாட்டுவது என்று, இதில்தான் மாட்ட வேண்டும். கூண்டில் அதற்கென்றே வளையம் இருக்கும், தலைக்கு மேலேயோ தோளுயரத்திலோ. கூண்டுக்குள் நின்றபடி நீளக் கம்பியால் கோனைத் திறந்துவிட்டால் காலை வெளியே வைக்கவே வேண்டாம். பூட்டு நாலும் விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுவது, கிரேன் டிரைவரோடு வாக்கி டாக்கி, ஆட்கள் வேலையில் இருக்கும்வரை டிரைவர் கை லீவரில் போகாமல் இருப்பது, இது மூன்றும் இல்லாமல் கூண்டு வேண்டாம். கூண்டை மாட்டிக் கழற்ற நேரம் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும்தான். அதனால் சிக்கிய கோன்களைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் முடித்துக்கொள்ளுங்கள். டீ டைம் என்று கிரேனுக்கு இடைவெளி வரத்தான் செய்கிறது.

இன்னொன்றையும் பெல்ட் போடச் சொல்லும் யாரும் யோசிப்பதில்லை. பெல்ட் பிடித்து ஆள் அந்தரத்தில் தொங்குகிறார் என்றால் அது முடிவில்லை. தொடைப் பட்டை இறுக்கி, ரத்தம் காலிலேயே தங்கி, சில நிமிஷங்களில் மயக்கம் வந்துவிடலாம். அவரை யார், எதை வைத்து இறக்குவது என்பது ஷிஃப்ட் தொடங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். கூண்டு பக்கத்திலேயே நின்றால் பதில் கையில் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே எண்ணூர் ரோட்டு டிரெய்லர் வரிசையைத் தாண்டி ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

இனி அந்தப் பையன் விஷயம். அவன் பெட்டி மேலிருந்து விழவில்லை, ஹேட்ச் கவர் ஓரத்திலிருந்து விழுந்தான். பெல்ட்டுக்கு அங்கே என்ன வேலை? அங்கே இருக்க வேண்டியது தடுப்புக் கம்பியும் வெளிச்சமும். 'பெல்ட் போடவில்லை' என்று எழுதியதில் நீங்கள் கையெழுத்துப் போட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம், தப்பு. கப்பலின் குறையை அந்தப் பையன் தலையில் கட்டிவிட்டீர்கள். எனக்கும் இப்படி ஒரு கையெழுத்து இருக்கிறது, சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரவு இரண்டு மணி இருக்கும். கோன் எல்லாம் திறந்தாயிற்று என்று மேஸ்திரி சொன்னார், நான் போய்ப் பார்க்காமல் சரி என்று கை காட்டினேன். மேல்பெட்டி எழுந்தது, ஒரு மூலையில் திறக்காத கோனோடு கீழ்ப்பெட்டியும் கூடவே எழுந்தது. முதலில் ஒரு பக்கம் மட்டும், தூங்கி எழுகிறவன் ஒருக்களித்து எழுவதுபோல. ஆள் உயரம் போனதும் கோன் முறிந்தது. கீழ்ப்பெட்டி விழுந்த சத்தத்தில் கப்பல் முழுக்க அதிர்ந்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேரும் டீக்கு இறங்கியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். காலையில் அறிக்கையில் 'கருவிக் கோளாறு' என்று எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறம் நாலு மூலையையும் நானே பார்க்காமல் கை காட்டியதில்லை என்பது வேறு கதை.

ஹேட்ச் கவருக்கு வருவோம். லாஷிங் ஆட்கள் நிற்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு எழுதி வைத்திருக்கிறது. சரக்கு கட்டும் முறை பற்றிய அதன் விதித்தொகுப்பில் 14ஆம் பின்னிணைப்பு. 2015 ஜனவரி 1 முதல் கீல் போட்ட (கட்டத் தொடங்கிய) கன்டெய்னர் கப்பலென்றால், லாஷிங் செய்யும் நடைபாதை 750 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், தடுப்புக் கம்பி குறைந்தது ஒரு மீட்டர் உயரம், வேலை நடக்கும் இடத்தில் 50 லக்ஸ் வெளிச்சம், நடக்கும் வழியில் 10 லக்ஸ். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. போனில் அதை அளக்கும் ஆப் கிடைக்கிறது. துல்லியம் பத்தாது, ஆனால் ஐந்தா ஐம்பதா என்று காட்டிவிடும். கப்பலில் கார்கோ சேஃப் அக்சஸ் பிளான் என்று ஒன்று இருக்கும். எந்த இடத்தில் ஆள் போகலாம், எப்படிப் போகலாம் என்ற படம் அது. கப்பலில் சரக்குக்குப் பொறுப்பான சீஃப் ஆபீசரிடம் கேளுங்கள். கேட்டால் தருவார், கேட்காவிட்டால் அலமாரியிலேயே கிடக்கும். பழைய கப்பலானால் இதெல்லாம் முழுதாக இருக்காது. அதற்காக ஆள் விழலாம் என்று ஆகிவிடாது.

கேங்வே (கப்பலுக்குள் ஏறும் படி) ஏறியதும் ஆட்களை நேராக பே பக்கம் விடாதீர்கள். கப்பல்காரர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு நீங்களும் அந்த அண்ணனும் பத்து நிமிஷம் சுற்றி வாருங்கள். கழன்ற தடுப்புக் கம்பி, அதற்குப் பதில் கட்டிய நைலான் கயிறு, எரியாத விளக்கு, நடைபாதையில் உருளும் ராடு (பெட்டியைக் கட்டும் இரும்புக் கம்பி), எண்ணெய். கண்ணில் பட்டதைப் போனில் படம் எடுத்து அங்கேயே சீஃப் ஆபீசருக்கு அனுப்புங்கள். சரி செய்யும்வரை அந்த பேயில் ஆள் இறங்கமாட்டார்கள், பக்கத்து பேயில் தொடங்குகிறோம் என்று சொல்லுங்கள். சண்டை போடத் தேவையில்லை. அந்த அண்ணனை ஏன் கூட்டிப்போகச் சொல்கிறேன் என்றால், எந்தக் கம்பி ஆடும் என்று அவர் காலுக்குத் தெரியும். அத்தோடு, எதிலே மாட்டுறது என்று கேட்டவரிடம் "நீங்க கேட்டது சரிண்ணே, அன்னிக்கு எனக்குப் பதில் தெரியல" என்று நீங்கள் கேங் முன்னால் ஒருமுறை சொன்னால் போதும். கண்டிப்பில் வராதது அதில் வந்துவிடும்.

ராடு பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் கை, தோள், கண் போவது அதில்தான். மேலடுக்கைப் பிடிக்கும் நீள ராடு ஐந்து மீட்டர், கனம் இருபது கிலோ. டர்ன்பக்கிளை (ராடை இறுக்கும் திருகை) தளர்த்தும்வரை அது சும்மா இருக்கும். தளர்ந்ததும் அடிப்பக்கம் ஊஞ்சலாடும், மேல்தலை மூலைத் துளையிலிருந்து எப்போது கழலும் என்று சொல்ல முடியாது. ஒருவர் தளர்த்த வேண்டும், இன்னொருவர் ராடை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும், மார்புக்கு நேராக அல்ல, சற்றுப் பக்கவாட்டில். தலை கழன்றதும் ராடு சாயும் பக்கத்துக்கு எதிராக இழுக்காமல் அதன் போக்கிலேயே நடந்து இறக்க வேண்டும். தனியாளாகச் செய்கிறவர்கள் உங்கள் கேங்கிலும் இருப்பார்கள். அண்ணாந்து பார்க்கிறபோது துருத்தூள் கண்ணில் கொட்டும், ஆகவே கண்ணாடி. ஹெல்மெட்டுக்குத் தாடைப் பட்டை இல்லையென்றால் அண்ணாந்ததும் ஹெல்மெட் பின்னால் போய்விடும். குளிர்பதனப் பெட்டி இருக்கும் வரிசையில் ராடு நுனி பிளக் பக்கம் போகக் கூடாது, அது 440 வோல்ட்.

கிரேன் வேலை செய்யும் பேயில் உங்கள் ஆள் ஒருவர்கூட இருக்கக் கூடாது. அடுத்த பேயும் வேண்டாம் என்பேன். முப்பது மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, இரண்டு அடுக்குக்கு நடுவே குனிந்து நிற்பவர் தெரியவே மாட்டார். பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு போகும் கோன் ஐந்தாறு கிலோ, அது பெர்த்தில் போய்த்தான் விழும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஒரு பே லாஷிங் கழற்றி ஆள் வெளியே வந்ததை நீங்கள் தலை எண்ணி வாக்கி டாக்கியில் சொன்ன பிறகுதான் கிரேன் அங்கே வர வேண்டும். சித்திரை வெயில், மழைக்கால ஈரம் பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் கேனைக் கப்பல் மேலேயே ஏற்றி வையுங்கள், பெர்த்தில் வைத்தால் யாரும் இறங்கிக் குடிக்க மாட்டார்கள்.

மேலிடத்துப் போனுக்கு என்ன செய்வது? கிரேனை நிறுத்தச் சொன்னதும் காரணத்தை ஒரு வரியில் வாட்ஸாப்பில் போட்டுவிடுங்கள்: 'பே 18, தடுப்புக் கம்பி இல்லை, சீஃப் ஆபீசருக்குச் சொல்லியாயிற்று, 2.40.' எழுத்தில் இருப்பதை மீறி 'வேலையைப் பார்' என்று எழுத்தில் பதில் போட எந்த மேனேஜருக்கும் கை வராது. வாயால் சொன்னால், 'நீங்கள் சொன்னபடி தொடங்குகிறேன்' என்று திருப்பி எழுதிக் கேளுங்கள், என்ன நடக்கிறது பாருங்கள். இதற்கும் அசையாத இடமானால் மத்திய அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான டி.ஜி.ஃபாஸ்லியின் கீழ் துறைமுகப் பாதுகாப்பு ஆய்வாளர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பெயர் போடாமல்கூட எழுதலாம், ஆனால் தேதி, கப்பல், பெர்த் இருக்க வேண்டும். அங்கேயும் உங்கள் நோட்டு உதவும். துறைமுகத் தொழிலாளர்களுக்கென்று 1986இல் வந்த பாதுகாப்புச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டு சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது, பாதுகாப்பான இடத்தைக் கொடுக்க வேண்டிய கடமை வேலை வாங்குகிறவரிடமே இருக்கிறது.

வேலையை விடுவதா என்று கேட்டீர்கள். இரண்டு மாதம் நோட்டோடு இருந்து பாருங்கள். நோட்டை மூடு என்று சொன்னால் விட்டுவிடுங்கள். உங்கள் வயதில் தரமணி மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிற்பாதுகாப்புப் படிப்பு பற்றி விசாரித்து வைப்பதும் நல்லது. கப்பல் மேல் நின்று பழகிய பாதுகாப்பு அதிகாரி என்றால் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களில் கூப்பிட்டு வேலை தருவார்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. அந்தப் பையனுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால், வேலையில் அடிபட்டவருக்கு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஆனால் வேலையிடத்து விபத்து என்று நிர்வாகம் அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். 'வீட்டில் வழுக்கி விழுந்தான்' என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுத வைத்திருந்தால் எல்லாம் சிக்கல். ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலாளியிடமே இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு, அதற்கும் அதே அறிக்கைதான் ஆதாரம். தடுப்புக் கம்பி இருந்ததா, விளக்கு எரிந்ததா என்பதை உங்களுக்குத் தெரிந்தபடி ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டு, முதல் அறிக்கையோடு சேர்க்கச் சொல்லி நாளைக் காலையே கொடுத்துவிடுங்கள். ஒரு நகலை அவன் வீட்டில் கொடுங்கள்.